படித்திறனும் பால்வெட்டும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நம்மவர் நெற்றியில் துலங்கும் திருநீற்றுக் கீற்றுகளைப் பாருங்கள். எவ்வளவு நீட்டினாலும் அவை ஒன்றையொன்று சந்திப்பதில்லை. இத்தகையவற்றையே சமாந்தரக் கோடுகள் என்கின்றோம். ஆனால் கண் சில வேளை ஏமாற்றும். ஏமாற்றாத அளவு படித்திறன். ஏறிய உயரத்தைக் கிடையாகச் சென்ற தூரத்தால் வகுத்தால் அது கிடைக்கும். இறங்கினால் சயக் குறி இடவேண்டும். இரு கோடுகளின் படித்திறன் சமமானால் அவை சமாந்தரம்.

இதை நம் தாய்மார் நாள்தோறும் செய்கின்றனர். ஒட்டு இறப்பர் மரத்தின் வெட்டு, இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, கிடைக்கு 30 பாகை சரிந்திருக்கும். பட்டையைத் தாள்போல் விரித்தால், வலமாக 7 அங்குலம் செல்ல ஏறக்குறைய 4 அங்குலம் இறங்கும். படித்திறன் சய 4/7. அடுத்த வெட்டும் அதே சரிவில் விழவேண்டும். சரிவு கூடினால் பட்டை வீணாகும். குறைந்தால் பால் சிரட்டைக்குச் சேராமல் வழிந்தோடும்.

செங்குத்துக்கு விதி வேறு. இரு படித்திறன்களையும் பெருக்கினால் சய 1 வரவேண்டும். வெட்டுக்குச் செங்குத்தான கோட்டின் படித்திறன் 7/4 ஆகும். கிடைக்கோட்டின் படித்திறன் பூச்சியம். நேர் நிமிர்ந்த கோட்டுக்கோ படித்திறனே இல்லை. ஆகவே அவ்விரண்டுக்கும் இப்பெருக்கல் பொருந்தாது. அவை செங்குத்து என்பது பார்த்தவுடனே விளங்கும்.

இவ்விதி மலையிலும் உண்டு. தேசப்படத்தில் ஒரு சமவுயரக் கோடு கிழக்கே 3 பங்கும் வடக்கே 1 பங்கும் சென்றால் அதன் படித்திறன் 1/3. அவ்விடத்தில் மழைநீர் இறங்கும் வழியின் படித்திறன் சய 3. இரண்டும் செங்குத்து. அதனாலன்றோ செடி வரிசையைச் சமவுயரக் கோட்டை ஒட்டி நடுகின்றோம்! நீரின் வழியே நட்டால் மேல்மண் மழையோடு போய்விடும்.

2016 மே 17இல் கேகாலை மாவட்டத்து அரநாயக்காவில் சாமசர மலை சரிந்து பல உயிர்களை விழுங்கியதை மறக்கமுடியுமா? பெருமழை, மண், பாறை எனக் காரணங்கள் பல. கணிதம் மட்டும் மலையைத் தாங்காது. ஆயினும் நீர் இறங்கும் கோட்டை அறிந்தவன், கானை அடைத்து அதன்மேல் குடில் கட்டமாட்டான்.

வாலிபர்களே! "எனக்குக் கணக்கு வராது" என்று கூறாதீர்கள். தாயின் கைக்கு வந்தது பிள்ளையின் தாளுக்கு வராமற் போகுமா?