தலைப்பாகையில் தைத்த தோல்

அணைக்கட்டுக்காரர்கள் பஸ் ஏறினால் சீக்கிரமே வேலூர்க் கோட்டைக்குப் போய்விடலாம். உள்ளே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அதைப் பார்த்த கையோடு அந்தக் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று நடந்த சிப்பாய்ப் புரட்சியைத் தேடிப் படியுங்கள். புதுத் தலைப்பாகையில் தோல் சின்னம் வேண்டும், நெற்றியில் நாமமோ விபூதியோ கூடாது, கடுக்கனும் கூடாது. சிப்பாய்கள் கொதித்ததற்கு இந்த உத்தரவும் ஒரு முக்கியக் காரணம்.

இந்தப் புரட்சி பற்றிய அறிக்கைகளை எழுதியவர்கள் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள். நம் சிப்பாயின் குரல் விசாரணை வாக்குமூலங்களில்தான், அதுவும் ஆங்கிலத்தில் மாறி, கிடைக்கிறது. எனக்கு அந்த வாக்குமூலங்களே பொக்கிஷம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அக்காலச் சென்னை அரசின் பதிவுகள் இருக்கின்றன. வேலூர் அடங்கியிருந்த வட ஆர்க்காடு மாவட்டத்துக்குக் காக்ஸ் எழுதிய கையேடு 1881-இல் வந்தது. கல்லூரிப் பிள்ளைகளே, அதில் உங்கள் ஊர்ப் பெயரைத் தேடித் தொடங்குங்கள்.