காயலான் கடைக்குப் போகும் கார்

சென்னை புதுப்பேட்டைக்குள் பழைய மாருதி ஒன்று போனால் காராகத் திரும்பி வராது. கதவு ஒரு கடையில், கியர்பாக்ஸ் இன்னொரு கடையில் தொங்கும். இன்ஜினுக்குத்தான் கிராக்கி என்று நாம் நினைப்போம். ஆனால் சைலன்சர் குழாயில் துருப்பிடித்த தகர டப்பா மாதிரி ஒன்று இருக்கும், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான். அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. சில கிராம்தான், ஆனால் விலையுயர்ந்த உலோகங்கள். அதைப் பழைய இரும்பு எடைக்குப் போட்டு ஏமாந்தவர்கள் உண்டு!

காரைப் பிரிக்கும்போது பேட்டரியைக் கழற்றி, ஆயிலை வடித்த பிறகே மற்ற வேலை. இன்னொன்று. கார் துண்டு துண்டானாலும் ஆர்.சி. உங்கள் பெயரில்தான் இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 14 நாள் தருகிறது, அதற்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவை ரத்து செய்யச் சொல்லுங்கள்.