ஓர் இடம், பல முறை

சிறு குழந்தைகளோடு இந்த ஆண்டு எங்கெங்கே போகலாமென்று நீண்டதொரு பட்டியல் தயாரித்து வைத்திருக்கும் கண்டி நகரத்துப் பெற்றோருக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: பல இடங்களுக்கு ஒரு முறை போவதைவிட, ஓர் இடத்துக்குப் பல முறை போங்கள்.

அந்த இடம் பேராதனைப் பூந்தோட்டமாக இருக்கட்டும். 1821ஆம் ஆண்டில் ஸ்தாபிக்கப்பட்டு, மகாவலி கங்கை வளைந்தோட விளங்கும் அந்த விசாலமான பூமியில், பெரியவர்கள் அபூர்வ விருட்சங்களின் நாமதேயங்களைப் படித்துக்கொண்டு நடக்கையில், குழந்தையோ பெரிய புற்றரையில் கிளைபரப்பி நிற்கும் ஜாவா அத்தியின் நிழலில் ஓடியாடுவதிலேயே பரமானந்தம் அடைகிறது. ஆடட்டும். மற்ற மரங்கள் எங்கும் போய்விடமாட்டா. வாடிய வாழைப்பூவைப் போலத் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால்களைக் கண்டு முதல் முறை அம்மாவின் சேலைக்குள் ஒளிந்த பிள்ளை, அடுத்த முறை அவற்றைத் தானே தேடிப் பிடித்து நமக்குக் காட்டும். அதற்காகத்தான் சொல்கிறேன்: ஓர் இடம், பல முறை.

தை, மாசியில் பெரும்பாலும் மழை குறைவு. ஐப்பசியிலோ, காலையில் எவ்வளவு பிரகாசமாக வெயிலடித்தாலும் பிற்பகலில் இடியும் மழையும் கூடிவருவது கண்டியின் சுபாவமாதலால், நேரத்தோடு புறப்பட்டு மத்தியான போஜனத்துக்கு வீடு திரும்பிவிடுங்கள். எசல பெரஹரா ஊர்வல நாட்களில் வீதியெங்கும் ஜனக்கூட்டம்; அப்போது மட்டும் தோட்டத்துக்கு விடுமுறை கொடுத்துவிட்டு யானை பார்க்கப் போகலாம்.