தரம் ஒன்றுக்குப் போகும் நம் பிள்ளைகள்

(மிஷன் பாடசாலையில் நடந்த தரம் ஒன்று பெற்றோர் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



வருகிற திங்கட்கிழமை கால்கோள் விழா. நம்ம தோட்டத்திலிருந்து 11 பிள்ளைகள் போகிறார்கள். தரம் இரண்டுப் பிள்ளைகள் வாசலில் நின்று பூக்கொடுத்து, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போவார்கள். அழுகிற பிள்ளைகளும் இருக்கும், அழுகிற அம்மாமாரும் இருப்பார்கள். அதற்கு நான் கவலைப்படவில்லை. நான் பேச வந்தது மறுநாள் செவ்வாய்க்கிழமையைப் பற்றி.

விழாவுக்கு எல்லாரும் வந்துவிடுகிறோம். செவ்வாய்க்கிழமை பிள்ளை அழுதால், "சரி, இன்னைக்கு நிக்கட்டும்" என்கிறோம். புதன்கிழமை மழை. வியாழன் சப்பாத்து இன்னும் காயவில்லை. இப்படியே ஒரு மாதம் ஓடிவிடுகிறது. நாம் பெரட்டுக்குப் போகாவிட்டால் செக்ரோலில் அன்றைக்குப் பேர் விழாது. நட்டம் அந்த ஒரு நாளோடு சரி. பிள்ளையின் கணக்கு அப்படி இல்லைங்க. எங்கே உட்காருவது, யாரோடு விளையாடுவது, வெளியே போக டீச்சரிடம் எப்படிக் கேட்பது, இதெல்லாம் முதல் வாரங்களிலேயே மற்றப் பிள்ளைகளுக்குப் பழகிவிடும். பிந்தி வருகிற பிள்ளை கடைசி வாங்கில் போய் உட்காருகிறது. எழுப்பி முன்னால் கொண்டுவர டீச்சர் படுகிற பாடு கொஞ்சநஞ்சம் இல்லை.

இன்னொரு குறை என் காதுக்கு வருகிறது. "போய் ரெண்டு வாரமாச்சு, ஒரு எழுத்துக்கூடச் சொல்லித் தரல, பாட்டும் விளையாட்டும்தான்" என்கிறார்கள். தரம் ஒன்றில் எழுத்துக்கு முன்னால் பிள்ளைகளை இனங்காணுகிற வேலை இருக்கிறது. களிமண் உருட்டச் சொல்வது, கொட்டைகளைப் பிரித்து வைக்கச் சொல்வது, கதை சொல்லிவிட்டுத் திருப்பிக் கேட்பது, எல்லாம் அதற்குத்தான். எந்தப் பிள்ளைக்குக் காது மந்தம், எது கிட்டப் போய்ப் பார்க்கிறது, எது வாயே திறப்பதில்லை என்று ஆசிரியை பக்கத்திலிருந்து பார்த்துக் குறித்துக்கொள்கிறார். வீட்டில் பிரம்பை வைத்துக்கொண்டு 'அ' போடவைக்க வேண்டாம். தரம் ஒன்றிலேயே புலமைப்பரிசிலுக்கு ரியூஷன் தேடுகிறவர்களும் நம்ம லயத்தில் இருக்கிறார்கள். அது ஐந்தாம் தரத்துப் பரீட்சை அய்யா, இப்போது பிள்ளை நேரத்துக்குத் தூங்கட்டும்.

சிலர் என்னிடம் தனியாகக் கேட்டதை இங்கே வெளியில் சொல்கிறேன். "இது வேதக்காரங்க பள்ளிக்கூடமாச்சே, பிள்ளைய மாத்திருவாங்களா?" என்று. மிஷன் கட்டிய பள்ளிக்கூடம்தான். ஆனால் 1960, 1961 வருடங்களில் வந்த சட்டங்களால் இப்படிப்பட்ட பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை அரசாங்கத்தின் கைக்குப் போயின. ஹட்டன் சென் ஜோன் பொஸ்கோவும், பொகவந்தலாவை சென் மேரிஸும் இன்று அரசாங்கப் பாடசாலைகள்தான், பழைய பேர் மட்டும் நிற்கிறது. இங்கேயும் அப்படித்தான். சுவரில் மாதா படம் இருக்கும், காலையில் செபம் சொல்வார்கள். சமய பாடத்துக்குச் சைவப் பிள்ளைக்குச் சைவப் புத்தகம், கத்தோலிக்கப் பிள்ளைக்குக் கத்தோலிக்கப் புத்தகம். வீட்டுக்கு வந்து பிள்ளை சிலுவை போட்டுக் காட்டினால் அடிக்க வேண்டாம், பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் செய்கிறது. சாம்பல் புதனன்று கத்தோலிக்கப் பிள்ளைகள் நெற்றியில் சாம்பலோடு வருவார்கள். திருநீறு பூசிய நம்ம பிள்ளை "நீயும் பூசியிருக்கியா?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு நல்ல பதில் சொல்ல அருட்சகோதரிக்குத் தெரியும். கத்தோலிக்கப் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: பள்ளிக்கூடத்தில் சமயம் படிக்கிறதே என்று ஞாயிறு மறைக்கல்விக்கு அனுப்பாமல் விட வேண்டாம்.

இப்போது பெரிய பிரச்சினைக்கு வருகிறேன். இங்கே தரம் ஒன்று 11.30க்கு விட்டுவிடும். அம்மா மலையில் நிற்பார், கொழுந்து நிறுத்து முடித்து வீடு வர அந்தியாகும். நடுவில் அந்த ஐந்து மணித்தியாலம் பிள்ளை யாரிடம்? "அக்கா பார்த்துக்குவா" என்றால், அந்த அக்காவும் ஏழாம் தரம் படிக்கிற பிள்ளை. தம்பிக்காக அவளை மறிப்பது சரியில்லை. 5 வயதிலிருந்து 16 வயது வரை படிப்பு கட்டாயம் என்பது அவளுக்கும் சேர்த்துத்தான். பிள்ளைமடுவத்துப் பொறுப்பாளரிடமும் துரையிடமும் பேசிவிட்டேன். அம்மா வரும்வரை தரம் ஒன்றுப் பிள்ளைகள் மடுவத்தில் இருக்கலாம், பகல் சாப்பாட்டை மட்டும் காலையிலேயே கட்டிக் கொடுத்துவிட வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து மடுவத்துக்குக் கூட்டிவர இரண்டு அப்பாயிமார் முன்வந்திருக்கிறார்கள். மேல்லயத்துக்கு இன்னும் ஒருவர் வேண்டும். அந்த ஓடைப் பாலத்தைப் பிள்ளைகள் தனியாகத் தாண்டக்கூடாது, மழைக்காலத்தில் அது என்ன மாதிரி என்று உங்களுக்கே தெரியும். திங்களும் செவ்வாயும் தரம் ஒன்று அம்மாமார் பிள்ளையை விட்டுவிட்டுப் பிந்தி மலைக்கு வரலாம், அரைப் பேர் போடமாட்டார்கள். கங்காணிமாருக்கும் சொல்லியாகிவிட்டது.

கடைசியாக, பிள்ளையின் பேர். வீட்டில் பாப்பா, குட்டி, சின்னவன் என்றே கூப்பிட்டு வளர்க்கிறோம். வகுப்பில் டீச்சர் இடாப்பைப் பார்த்து முழுப்பேரைச் சொல்லிக் கூப்பிடும்போது, அது தன் பேர் என்றே சில பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. பேசாமல் உட்கார்ந்திருக்கும், வரவு விழாது. இன்றைக்கு ராத்திரியிலிருந்து அந்தப் பேரைச் சொல்லியே சாப்பிடக் கூப்பிடுங்க. பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம். நாளைக் காலை என் கந்தோருக்கு வாங்க, பதிவாளரிடம் சேர்ந்தே போவோம்.

இப்போது அருட்சகோதரி அவர்கள் 11 பேரையும் வாசிப்பார். சான்றிதழ் கையில் இருக்கிறவர்கள் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்க. பிழை இருந்தால் இங்கேயே சொல்லிவிடுங்க.