எச்சத்தில் மறையும் எழுவாய்

(பத்தாம் ஆண்டு நிறைவுக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாகக் கவிதை ஒலித்துவரும் இம்மேடையில் இலக்கணம் பேச வந்திருக்கிறேன்; அதிலும் ஆங்கில இலக்கணம். இது விழாவுக்கு ஏற்ற பொருள்தானா என்று சிலருக்கு ஐயம் எழலாம். நம்மிற் பலர் ஆங்கில வழியாக உலகக் கவிதைகளைத் தமிழாக்குகிறோம். மொழிபெயர்க்காதவரும் மொழிபெயர்ப்புகளைப் படித்து, அவற்றின் நடையைத் தம்மையறியாமல் ஏற்கிறோம். அவ்வழியே நம் தொடருக்குள் புகுந்துவிட்ட ஒரு சிறு வடிவத்தைப் பற்றியதே இவ்வுரை. ஆங்கிலத்தின் இறந்தகால எச்சம் சார்பு வாக்கியத்தோடு சேரும் முறையும், அந்தச் சேர்க்கையில் எழுவாய்க்கு நேர்வதும் என் பொருள்.

அன்றாட ஆங்கிலத்தில் இச்சேர்க்கை இரண்டு வகையாக நிகழ்கிறது.

முதல் வகையில் எச்சமே இணைப்புச் சொல்லாகிவிடுகிறது. 'கிவன் தட்', 'கிராண்டட் தட்', 'புரோவைடட் தட்' என்பவை சான்றுகள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் முதலாவது 'தரப்பட்டது', இரண்டாவது 'ஒப்புக்கொள்ளப்பட்டது', மூன்றாவது 'முன்னேற்பாடு செய்யப்பட்டது'. ஆனால் 'கிவன் தட் மழை பெய்கிறது, கூட்டம் தாமதமாகத் தொடங்கும்' என்று ஓர் ஆங்கிலேயர் சொல்லும்போது, எவரும் எவருக்கும் எதையும் தருவதில்லை. வினை தன் வினைத்தன்மையை இழந்து, இரண்டு வாக்கியங்களுக்கு இடையே பாலமாக நிற்கிறது.

இவ்வழக்கின் வேர் இலத்தீனில் இருக்கிறது. 'இது ஏற்பாடாகிய நிலையில்' என்று எச்சத்தைத் தனித்தொடராக நிறுத்துவது அம்மொழியின் இயல்பு. இடைக்காலச் சட்ட இலத்தீனின் 'புரோவைசோ குவோத்' ஆங்கிலத்தில் 'புரோவைடட் தட்' ஆயிற்று. நம் அரசியலமைப்புச் சட்டத்தின் ஆங்கில மூலத்தில் எத்தனையோ பிரிவுகளின் கீழ் இத்தொடர் நிற்பதைக் காணலாம். மேலே வழங்கிய உரிமைக்குக் கீழே ஒரு வேலி. அதைச் சட்டத் தமிழ் 'வரம்புரை' என்கிறது. எச்சத்தைப் பெயர்க்காமல் அதன் தொழிலைப் பெயர்த்த நல்ல சொல்.

'தரப்பட்டது' என்பதன் வரலாறும் சுவையானது. யூக்ளிட் எழுதிய நூல்களுள் ஒன்றன் பெயர் இலத்தீனில் 'டேட்டா'. தரப்பட்டவை என்பது பொருள். இன்று கணினித் துறையில் நாம் தரவு என்று வழங்குவதும் அச்சொல்லையே. 'டேட்' என்னும் நாட்குறிப்பும் அதே எச்சத்தின் வழி வந்தது. கடிதம் இன்ன ஊரில், இன்ன நாளில் தரப்பட்டது என்று உரோமர் எழுதிய குறிப்பு, நாளைக் குறிக்கும் பெயராயிற்று. 'தவிர' என்னும் பொருளில் வரும் 'எக்செப்ட்' கூட 'வெளியே எடுக்கப்பட்டது' என்னும் இலத்தீன் எச்சமே. 'ஓராண்டுக்கு முன்' என்பதில் 'முன்' என்று நாம் சொல்லுமிடத்தில் ஆங்கிலேயர் சொல்லும் 'அகோ', 'கழிந்த' என்னும் பழைய ஆங்கில எச்சத்தின் தேய்ந்த வடிவம். நாள்தோறும் வாயில் புழங்கும் சொற்கள், ஒரு காலத்தில் வினைகளாக இருந்த நினைவே இல்லாமல் வாழ்கின்றன.

இரண்டாம் வகையில் இணைப்புச் சொல் நிற்கிறது. எழுவாயும் துணைவினையும் உதிர்ந்து எச்சம் மட்டும் மிஞ்சுகிறது. 'வென் ஆஸ்க்ட்', 'இஃப் பவுண்ட்', 'ஒன்ஸ் ஓபண்ட்', 'ஆஸ் எக்ஸ்பெக்டட்' என்பன இவ்வகை. மருந்துப் புட்டியின் மேல் 'ஒன்ஸ் ஓபண்ட்' என்று அச்சிட்டு, இத்தனை நாளுக்குள் பயன்படுத்துக என்று எழுதியிருப்பார்கள். திறக்கப்படுவது எது என்று சொல்லவில்லை. திறப்பவர் யார் என்றும் சொல்லவில்லை. புட்டி கையில் இருப்பதால் குழப்பமும் இல்லை.

இங்கே ஆங்கில இலக்கணிகள் ஒரு விதி வைத்தனர். உதிர்ந்த எழுவாய் முதன்மை வாக்கியத்தின் எழுவாயாகவே இருக்கவேண்டும். இல்லையேல் எச்சம் அந்தரத்தில் தொங்கும் என்றனர். அன்றாடப் பேச்சு அவ்விதியை முழுதும் மதிப்பதில்லை. மருந்துப் புட்டியின் வாசகமே மதிக்கவில்லை. திறக்கப்படுவது புட்டி, பயன்படுத்துபவர் நோயாளி.

இவ்விதியைக் கேட்கும் தமிழாசிரியர் புன்னகை செய்வார். வினையெச்ச வாய்பாடுகளுள் செய்து, செய்யூ, செய்பு ஆகிய மூன்றும் தம் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என்று தொல்காப்பியர் வினையியலில் வகுத்துவிட்டார். 'வந்து அமர்ந்தான்' என்றால் வந்தவனும் அமர்ந்தவனும் ஒருவனே. ஆயினும் 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்று நாம் சொல்கிறோம். காரணமும் காரியமும் நெருங்கி நிற்கும்போது, எழுவாய் மாறுவதை மொழி பொறுத்துக்கொள்கிறது. இரண்டு மொழிகளுக்கும் ஒரே சிக்கல். இரண்டிலும் பேசுவோர் கண்ட தீர்வும் ஏறத்தாழ ஒன்றே.

எச்சம் இணைப்பாக மாறுவதிலும் தமிழ் பின்தங்கவில்லை. 'மழை வரும் என்று சொன்னார்' என்பதில் வரும் 'என்று', 'என்' என்னும் வினையின் இறந்தகால வினையெச்சம். 'பற்றி', 'குறித்து', 'நோக்கி', 'முன்னிட்டு' யாவும் வினையெச்சங்களே. ஆங்கிலத்தில் அங்கங்கே காணும் பாலம் தமிழில் வாக்கியத்தின் முதுகெலும்பாகவே இருக்கிறது.

வேறுபாடு எங்கே? ஆங்கில எச்சம் பெரும்பாலும் செயப்பாட்டுப் பொருளைச் சுமந்தே வருகிறது. தமிழ்ப் பெயரெச்சம் அதைச் சுமப்பதில்லை. 'எழுதிய' என்னும் ஒரே சொல், எழுதிய கவிஞர், எழுதிய பேனா, எழுதிய இடம், எழுதிய நாள், எழுதிய பாட்டு என எல்லாவற்றையும் தழுவும். பெயரெச்சம் இவ்வாறு கொள்ளும் பெயர்களை நன்னூல் அறுவகையாகக் காட்டுகிறது. செயலுக்கு உள்ளாகும் பொருளையே செய்ததுபோலப் பேசும் வழக்கையும் தொல்காப்பியர் மரபென ஏற்றுக்கொண்டார். 'கதவு பூட்டியிருக்கிறது', 'சுவரில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது' என்று இன்றும் சொல்கிறோம். கதவு எதையும் பூட்டவில்லை என்பது கேட்பவர்க்குத் தெரியும்.

இவ்வளவு வசதி இருந்தும் நாம் என்ன செய்கிறோம்? ஆங்கிலத்தில் எச்சத்தைக் கண்டவுடன் 'பட்ட' என்று எழுதுகிறோம். 'எதிர்பார்த்தபடி' என்பது 'எதிர்பார்க்கப்பட்டபடி' ஆகிறது. 'கேட்டபோது' என்பது 'கேட்கப்பட்டபோது' ஆகிறது. 'மழை பெய்வதால்' என்று முடியவேண்டியது 'மழை பெய்கிறது என்ற கொடுக்கப்பட்ட சூழலில்' என்று நீள்கிறது. மொழிபெயர்ப்புக் கவிதைகளில் 'நேசிக்கப்பட்ட பெண்', 'மறக்கப்பட்ட தெரு', 'இழக்கப்பட்ட காலம்' என்று வரிசையாக வருகின்றன. 'மறந்த தெரு' என்று சொன்னால் மறந்தவர் நாமாகவும் இருக்கலாம். தெருவே நம்மை மறந்ததாகவும் கொள்ளலாம். அந்த இருபொருளில் கவிதை இருக்கிறது. 'பட்ட' அதைத் துடைத்துவிடுகிறது.

அப்படியானால் 'பட்ட' என்பதை அறவே விலக்கலாமா? கூடாது என்பதே என் கருத்து. அவ்வடிவம் அயலாருடையதும் அன்று. தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவிலேயே 'படு' துணைவினையாக வருகிறது. 1946 இல் ஆங்கில அரசியல் நடையைப் பற்றி எழுதிய ஜார்ஜ் ஆர்வெல், செய்வினை பயன்படுமிடத்தில் செயப்பாட்டுவினையை விலக்கச் சொன்னார். செய்தவனை மறைக்க ஆட்சியாளர் அதைப் பயன்படுத்துகின்றனர் என்பது அவர் போன்றோரின் கவலை. அக்கவலை நியாயமானது. ஆனால் அதே வடிவம் செய்தவனைச் சுட்டவும் வல்லது என்பதைத் தமிழ் நமக்குக் காட்டுகிறது.

'தாழ்ந்தோர்' என்று சொன்னால் தாழ்வு அவர்களுடைய இயல்பு போலாகிவிடுகிறது. 'தாழ்த்தப்பட்டோர்' என்று சொன்ன கணத்தில், தாழ்த்தியவர் யார் என்னும் கேள்வி எழுகிறது. 'தலித்' என்பதும் பிளத்தல், நொறுக்குதல் என்னும் பொருளுடைய வடமொழி வினையடியிலிருந்து வந்த இறந்தகாலச் செயப்பாட்டு எச்சமே. நொறுக்கப்பட்டவர் என்பது அதன் பொருள். 1935 ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் ஆண்ட 'ஷெட்யூல்டு' என்பதும் ஓர் எச்சந்தான். ஆனால் அது பட்டியலிட்டவரை மட்டும் நினைவூட்டுகிறது, நொறுக்கியவரை நினைவூட்டவில்லை.

மற்றொரு சொல்லைப் பாருங்கள். காணாமற்போதல் தன்வினை. அர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரை நடந்த இராணுவ ஆட்சியில் பிடித்துச் செல்லப்பட்டு மறைந்தவர்களை, அந்நாட்டு மக்கள் ஸ்பானிய மொழியில் ஓர் இறந்தகால எச்சத்தாலேயே அழைத்தனர். 'மறைந்தவர்கள்' என்னும் அச்சொல் 'மறைக்கப்பட்டவர்கள்' என்னும் பொருளை ஏற்றது. இலங்கையில் உறவுகளைத் தேடும் தாய்மார் 'காணாமற் போனோர்' என்னும் சொல்லை ஏற்கவில்லை. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தில் அமர்ந்தவர்கள் கேட்டது 'காணாமல் ஆக்கப்பட்டோர்' எங்கே என்று. எவரும் தாமாகப் போகவில்லை, எவரோ ஆக்கினர் என்னும் குற்றச்சாட்டு முழுவதும் அந்த 'ஆக்கப்பட்ட' என்பதில் அடங்கியிருக்கிறது. அங்கே அதை நீக்குவது நடையைத் திருத்துவதாகாது, உண்மையைத் திருத்துவதாகும்.

ஆகவே கவிஞர்களிடமும் மொழிபெயர்ப்பாளர்களிடமும் நான் வேண்டுவது ஒன்றுதான். ஆங்கிலத் தொடரில் ஓர் எச்சம் எதிர்ப்படும்போது, முதலில் அதன் எழுவாயைத் தேடுங்கள். அது வெறும் பாலமாகத் தேய்ந்திருந்தால், 'ஆதலால்', 'ஆனால்', 'எனின்' என நம்மிடமுள்ள பாலத்தை இடுங்கள். யார் செய்தார் என்பது தானே விளங்குமானால், தமிழ்ப் பெயரெச்சத்தை அதன் போக்கில் விடுங்கள். செய்தவன் மறைந்திருக்கிறான், அவன் மறைந்திருப்பதே செய்தி என்றால், 'பட்ட' என்று அழுத்தி எழுதுங்கள். நாம் அதை எங்கும் இறைத்துவிட்டால், உண்மையாகவே வேண்டிய இடத்தில் அச்சொல்லுக்கு வலு இராது.

சொல்லதிகாரத்தின் இறுதி இயலுக்குத் தொல்காப்பியர் எச்சவியல் என்று பெயரிட்டார். எஞ்சியது என்பது எப்போதும் எதையோ வேண்டி நிற்பது. நம் வட்டமும் பத்தாண்டு கழிந்தபின் முற்றாகாமல், அடுத்த வினையை வேண்டி நிற்கும் எச்சமாகவே தொடரட்டும்.