ஒரு கேள்வி கொடுத்து அனுப்புங்கள்



பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போகிறார்கள். சாயங்காலம் திரும்பி வந்த பிள்ளையிடம், "என்னடா பார்த்தே?" என்று கேட்கிறோம். "பஸ்ஸுல பாட்டு போட்டாங்கம்மா" என்கிறான்! அவனைக் குறை சொல்ல முடியாது. எதைப் பார்க்கணும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

கடைக்கு அனுப்பும்போது என்ன வாங்கணும் என்று சொல்லித்தானே அனுப்புகிறோம்? அதுபோல ஒரு கேள்வி கொடுத்து அனுப்புங்கள். ஒன்றே ஒன்று போதும்.

சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. 1996-ல் திறந்தார்கள். தென்னாட்டின் பழைய வீடுகள் சிலவற்றைப் பிரித்து எடுத்துவந்து, அங்கே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே நுழைந்து பார்க்கலாம். செட்டிநாட்டு வீடு உண்டு. கேரளத்து மரவீடும் உண்டு.

அங்கே போகிற பிள்ளையிடம், "முற்றத்துல விழுற மழைத்தண்ணி எந்த வழியா வெளியே போகுது? பார்த்துட்டு வா" என்று சொல்லுங்கள். அவன் குனிந்து தேடுவான். தேடும்போதே தூண், தாழ்வாரம், சரிந்த ஓடு எல்லாம் கண்ணில் படும்.

மண்பாண்டம் செய்கிற இடத்தில் கொஞ்சம் நிற்கவிடுங்கள். சுழலும் களிமண்ணில் கட்டைவிரலை வைத்தால் குழி விழும். கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் பானை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். இதை எந்த விளக்கப் பலகையில் எழுதிப் புரியவைப்பது?

ஆசிரியர்களே, பலகையில் இருப்பதை நோட்டில் எழுதச் சொல்லாதீர்கள். ஒரு கேள்வி போதும்.

இன்னொன்று, தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.