நம் பிள்ளைகள் யாரைப் பார்த்து வளர்கிறார்கள்?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

 

இளைஞர்களைப் பற்றிப் பேச மேடையேறுகிறவர்கள் பெரும்பாலும் குறைகளையே அடுக்குவார்கள். தலைமுடியின் அலங்காரம், மோட்டார் சைக்கிளின் வேகம், கையைவிட்டு அகலாத செல்போன், ஃபஜ்ருத் தொழுகையில் காணாத முகங்கள் என அப்பட்டியல் நீளும். அவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் இன்று நாம் வேறொரு கேள்வியை நம்மை நாமே கேட்டுக்கொள்ள விரும்புகிறோம். நம் பிள்ளைகள் யாரைப் பார்த்து வளர்கிறார்கள்?

நடிகரையும் கிரிக்கெட் வீரரையும் பார்த்து என்று உடனே விடை சொல்லிவிடலாம். ஒருவரின் புகழைக் கண்டு மயங்குவது இளமையின் இயல்பு. அப்புகழுக்காக அவர் எதைக் கொடுத்தார், எதை விட்டார் என்று பார்க்கக் கற்பிப்பதே பெரியோரின் கடமை. அந்த அளவுகோலைக் கொண்டு மூவரின் வாழ்வை இங்கு நினைவுகூர்வோம்.

முதலாமவர் முஸ்அப் பின் உமைர் (ரலி). மக்காவின் செல்வக் குடும்பத்தில் பிறந்து, உயர்ந்த ஆடைக்கும் நறுமணத்திற்கும் பெயர்பெற்ற இளைஞர். இஸ்லாத்தை ஏற்றதும் தாயின் செல்வம் அவருக்கு மறுக்கப்பட்டது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனத்து மக்களுக்குக் குர்ஆனைக் கற்பிக்க அவரையே அனுப்பினார்கள். உஹதுப் போரில் அவர் ஷஹீதானபோது, இருந்த ஒரே துணியால் தலையை மூடினால் கால் தெரிந்தது. காலை மூடினால் தலை தெரிந்தது. தலையைத் துணியாலும் கால்களை இத்கிர் புல்லாலும் மூடும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஆடையழகில் நாட்டமுள்ள நம் பிள்ளைகளுக்கு இவரைவிடப் பொருத்தமான முன்மாதிரி வேறு யார்?

இரண்டாமவர் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள். 1896 ஜூன் 5 அன்று திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தவர். ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்று, பட்டத்தின் வாயிலில் நின்றபோதே கல்லூரியை விட்டு வெளியேறியவர். அரசியல் நிர்ணய சபையில் இந்தியாவின் ஆட்சிமொழியாகும் தகுதி தமிழுக்கு உண்டென்று வாதாடினார். கேரளத்தின் மஞ்சேரித் தொகுதி மக்கள் 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் அவரை நாடாளுமன்றத்திற்கு அனுப்பினர். 1972 ஏப்ரல் 5 அன்று அவர் மறைந்தபோது, சமயம் கடந்து மக்கள் கண்ணீர் வடித்தனர். பதவிகள் வந்தபோதும் எளிமையை விடாத வாழ்வே அதற்குக் காரணம்.

மூன்றாமவர் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள். 1931இல் இராமேசுவரத்தில் பிறந்து, 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவராக விளங்கி, 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர்களிடையே உரையாற்றும்போதே சாய்ந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ஓடும் இரயிலிலிருந்து எறியப்பட்ட செய்தித்தாள் கட்டுகளை எடுத்து வந்து உதவிய சிறுவர் அவர். இவையெல்லாம் நம் பிள்ளைகள் பாடநூலில் படித்தவையே. ஆனால் சென்னை எம்.ஐ.டி.யில் சேர ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது, அவருடைய அக்கா ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துத் தந்ததை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? விண்ணில் ஏறிய அந்த வாழ்வின் அடியில் ஒரு சகோதரியின் வளையல் இருக்கிறது.

அன்புச் சகோதரர்களே! இனி நம் வீடுகளுக்கு வருவோம். அன்று ஒரு பெண்ணின் தங்கம் ஓர் இளைஞனின் கல்விக்குப் போயிற்று. இன்றோ ஓர் இளைஞன் மணமேடை ஏறுவதற்கே ஒரு பெண்ணின் வீட்டுத் தங்கம் கேட்கப்படுகிறது. மணமகன் மணமகளுக்கு மஹர் கொடுக்க வேண்டும் என்று திருக்குர்ஆன் அந்நிஸா அத்தியாயத்தில் கட்டளையிடுகிறது. நாமோ மஹரைப் பெயரளவில் எழுதிவிட்டு, ரொக்கத்தையும் நகையையும் நிக்காஹ் பதிவேட்டில் ஏறாத வேறொரு கணக்கில் வாங்கிக்கொள்கிறோம். மகன் மோட்டார் சைக்கிள் கேட்டால் கடன்பட்டேனும் வாங்கித் தருகிறோம். மகள் பொள்ளாச்சியிலோ கோவையிலோ கல்லூரியில் சேரக் கட்டணம் கேட்டால் அவளுடைய திருமணச் செலவைக் காரணம் காட்டித் தயங்குகிறோம். விருந்துகளில் காரில் வந்தவரை முன்வரிசைக்கு அழைக்கிறோம். பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கக் கொப்பரைக் களத்து வெயிலில் நின்று உழைக்கும் தந்தை, கடைசிப் பந்தியில் உண்டு யாரும் கவனியாமல் வீடு திரும்புகிறார்.

நம் பிள்ளைகள் இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஜும்ஆ பயானில் கேட்பதைவிட வீட்டில் காண்பதே அவர்களுக்குப் பாடம். ஆகவே, அவர்களைத் திருத்தப் புறப்படுமுன் நாம் நம்மைத் திருத்திக்கொள்வோம்.

இவ்வாண்டு நம் ஜமாஅத்தார் மூன்று காரியங்களை மனத்தில் ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறோம். முதலாவது, பொறுப்பில் இருக்கும் நம் வீட்டுத் திருமணங்களிலிருந்தே கைக்கூலியை நிறுத்துவது. இரண்டாவது, விருந்துச் செலவில் ஒரு பங்கைக் குறைத்து ஓர் ஏழை மாணவரின் அல்லது மாணவியின் கட்டணத்திற்கு ஒதுக்குவது. மூன்றாவது, உழைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த பெற்றோரைப் பள்ளிவாசல் விழாவில் முன்வரிசையில் அமர்த்துவது.

இளைஞர்களே! உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறோம். உங்கள் படிப்புக்காகவோ தொழிலுக்காகவோ வீட்டில் யாருடைய வளையல் அடகுக்குப் போயிற்று என்று ஒருமுறை கேட்டறியுங்கள். முதலில் அதை மீட்டுக்கொடுங்கள். பிறகு, மணமுடிக்க வரும் பெண்ணின் வளையலைக் கேட்க உங்களுக்கு மனம் வராது.

நம் இல்லங்களையே நம் பிள்ளைகளுக்கு அழகிய முன்மாதிரிகளாக்க வல்ல நாயன் அருள்புரிவானாக! ஆமீன்.